ஆறு மாசம் வரை கட்டிப் போட வேண்டாம், குட்டி இப்பமே படிச்சிட்டுதான் இருக்கு

தம்பி, உங்க கேள்விய முழுசா படிச்சேன். குலசேகரம் பக்கம் ரப்பர் விளைக்கு நடுவுல வீடு, மூணு மாசக் குட்டி, லேபும் (லாப்ரடார்) நாட்டு நாயும் கலந்தது, கொண்டு வந்து மூணு வாரம் ஆகுது. பிள்ளைங்க கையையும் காலையும் கடிக்குது, மழை விடாம பெய்யறதால முற்றத்துல இறங்க மாட்டேங்குது, ஹால்லயே மூத்திரம் போயிருது, விடியக்காலம் ரப்பர் பால் வெட்ட வாற ஆளக் கண்டா தொண்டை கிழிய குரைக்குது, ராத்திரி பூரா அழுகை. உங்க மாமனார் "ஆறு மாசம் வரைக்கும் சங்கிலியில கட்டிப் போடு, பழக்குறதெல்லாம் பெறவு பாத்துக்கலாம், சேட்டை பண்ணுனா ஈர்க்கில எடுத்து ரெண்டு குடு"ன்னு சொல்லுதாங்க, அது சரியான்னு கேட்டிருக்கீங்க. அஞ்சாறு கேள்வி மாதிரி தெரிஞ்சாலும் நீங்க உண்மையில கேக்குறது ஒண்ணுதான், இந்த வயசுல அதுக்கு ஏதாவது புரியுமா, புரியலன்னா அடிச்சாவது புரிய வைக்கலாமா. புரியும். உங்க வீட்டுக்குள்ள கால் வச்ச அன்னைலருந்து அது படிச்சிட்டுதான் இருக்கு, நீங்க சொல்லிக் குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி. சங்கிலியில கட்டிப் போட்டாலும் படிக்கும், அப்பம் அது படிக்கிறது என்னன்னா, ஆள் வந்தா குரைக்கணும், குரைச்சா போயிருவாங்க, வீட்டு ஆளு கிட்ட வந்தா ஒண்ணு சாப்பாடு இல்லன்னா அடி. ஆறு மாசம் கழிச்சு நீங்க பழக்க ஆரம்பிச்சா முதல்ல இதையெல்லாம் மறக்க வைக்கணும், அதுக்கே பாதி நேரம் போயிரும்.

நான் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் சுத்துவட்டாரத்துல வீட்டுக்கு வீடு போய் நாய் பழக்கிக் குடுக்குறவன், பல வருஷமா இதுதான் தொழில். போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவுல இருந்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர்கிட்ட தொழில் படிச்சேன், அப்புறம் நானா தேடிப் படிச்சது நிறைய. டாக்டர் இல்ல, அதனால ஊசி மருந்து பத்தி நான் சொல்றத உங்க கால்நடை டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க. மாமனார் சொல்ற ஆறு மாசக் கணக்கும் அவரா உண்டாக்கினது இல்ல, அதுக்கு ஒரு காரணம் உண்டு. பழைய முறையில கழுத்துல சோக் செயின், அதாவது இழுத்தா இறுகுற சங்கிலி, போட்டு சுண்டி இழுத்துதான் உக்காரவும் கூட நடக்கவும் பழக்குவாங்க, மூணு மாசக் குட்டியோட கழுத்து அந்தச் சுண்டலத் தாங்காது, அதனாலதான் கொஞ்சம் வளரட்டும்னு காத்திருந்தாங்க. இழுக்காம சாப்பாடு காட்டிப் பழக்குறதுக்கு அந்தக் காத்திருப்பு தேவையே இல்ல, ரெண்டு மாசக் குட்டி கூட உக்காரப் படிக்கும்.

இன்னும் சொல்லப்போனா உங்களுக்கு இப்பம்தான் அவசரம். நாய்க்கு பிறந்து மூணாவது வாரத்துலருந்து பன்னெண்டு, பதினாலு வாரம் வரைக்கும் ஒரு காலம் உண்டு, அந்த நேரத்துல எதை எதைப் பாத்துப் பழகுதோ அதெல்லாம் உலகத்துல சாதாரணமா இருக்கிற விஷயம்னு அது மனசுல பதிஞ்சிரும், அந்தக் காலத்துல பாக்காதது பின்னால பயமாவோ சந்தேகமாவோதான் தெரியும். அமெரிக்காவுல பார் ஹார்பர்ங்கிற ஊர்ல ஸ்காட், புல்லர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்கா குட்டிகள வளத்துப் பாத்து 1965ல வெளியிட்ட முடிவு இது, அதுக்குப் பெறவு வந்தவங்களும் வாரக் கணக்குல கொஞ்சம் முன்ன பின்ன சொன்னாலும் அடிப்படைய மாத்தல. உங்க குட்டிக்கு இப்பம் பன்னெண்டு பதிமூணு வாரம், அந்தக் காலம் முடியப் போகுது. அதுக்கு மேல எதுவும் படிக்காதுன்னு அர்த்தம் இல்ல, படிக்கும், ஆனா இப்பம் ரெண்டு நாள்ல முடியற விஷயத்துக்கு அப்பம் ரெண்டு மாசம் பாடுபடணும். அதனால இந்த வாரமே தூக்கிட்டுப் போய்க் காட்டுங்க. குடை விரிக்கறது, ரெயின்கோட் போட்ட ஆளு, ஹெல்மெட், தாடி வச்சவங்க, ஸ்கூல் யூனிபார்ம் பிள்ளைங்க கூட்டமா வாறது, ஹாரன் அடிச்சிட்டு வாற மீன்காரர் வண்டி, ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷின் சத்தம், குக்கர் விசில். கோயில் கொடைக்கு வெடியும் செண்டையும் வரும், டிசம்பர் மாசம் கோட்டார் சவேரியார் திருநாள், அப்புறம் கிறிஸ்துமஸ்னு பட்டாசு ஓயாது நம்ம மாவட்டத்துல, அந்தச் சத்தத்த போன்ல ரொம்பக் குறைச்சு வச்சு சாப்பிடும்போது கேக்க விடுங்க, நாள் போகப் போக கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. ஊசி முழுசா போட்டு முடியலியே வெளிய கொண்டு போகலாமான்னு கேப்பீங்க. மத்த நாய்ங்க மூத்திரம் போற இடம், சானல்கரை, சந்தை மாதிரி இடத்துல தரையில விடக் கூடாது, பார்வோங்கிற வைரஸ் நோய் வந்தா குட்டி தப்புறது கஷ்டம். ஆனா கையில தூக்கிட்டுப் போலாம், ஊசி போட்ட ஆரோக்கியமான நாய் இருக்கிற வீட்டுல விடலாம். விலங்கு நடத்தை படிச்ச அமெரிக்க கால்நடை டாக்டர்களோட சங்கமே 2008ல எழுத்துல சொன்னதாக்கும் இது, முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆனா பழக விடலாம், எல்லா ஊசியும் முடியட்டும்னு வீட்டுக்குள்ளயே பூட்டி வச்சா அதனால வாற நடத்தைக் கோளாறுதான் பெரிய ஆபத்துன்னு.

சரி, கடி. பிள்ளைங்க கையைக் கடிக்குதுன்னு எழுதும்போது நீங்க ரொம்ப பயந்துபோய் எழுதியிருக்கீங்க, கோவக்கார நாயா வந்திருமோன்னு. நீங்க சொன்னபடி வால ஆட்டிட்டு, பின்னால ஓடி வந்து, பேன்ட் நுனியப் பிடிச்சு இழுக்குதுன்னா அது விளையாட்டுக் கடி, மூணு மாசக் குட்டி செய்யாம இருந்தாதான் யோசிக்கணும். வாயில இப்பம் இருக்கிறது 28 பால் பல்லு, ஊசி மாதிரி இருக்கும், நாலு மாசத்துலருந்து விழ ஆரம்பிச்சு ஆறு ஏழு மாசத்துக்குள்ள 42 பல்லு முளைச்சிரும், அதுவரை ஈறு குறுகுறுத்துட்டே இருக்கும், எதையாவது கடிக்கத்தான் செய்யும். எவ்வளவு அழுத்திக் கடிச்சா அடுத்தவனுக்கு வலிக்கும்ங்கிறத குட்டி படிக்கிறது அம்மாகிட்டயும் கூடப் பிறந்ததுங்ககிட்டயும்தான், ஒண்ணு ஓவரா கடிச்சா மத்தது கத்திட்டு விளையாட்ட நிறுத்திரும். அதனாலதான் எட்டு வாரம் ஆகாத குட்டிய விக்கக் கூடாதுன்னு 2017ல மத்திய அரசு விதியே கொண்டு வந்துது, இருந்தும் நம்ம ஊர்ல கண்ணு திறந்த உடனே தூக்கிட்டு வாறவங்க நிறைய, அந்தக் குட்டிங்களுக்கு நாமதான் இந்தப் பாடத்த நடத்தணும். நடத்துறது எப்படின்னா அம்மா நாய் வழியிலதான். பல்லு தோல்ல பட்ட உடனே கையை உதறாதீங்க, உதறுனா அது ஓடுற எலி மாதிரி தெரிஞ்சு இன்னும் பிடிக்கும். கையை அப்படியே தளத்தி விட்டு, பேசாம எழுந்து, கதவுக்கு அந்தப் பக்கம் போய் அரை நிமிஷம் நில்லுங்க. திரும்ப வந்து கையில பொம்மையோட விளையாடுங்க. மறுபடி கடிச்சா மறுபடி போங்க. பல்லு பட்டா விளையாட்டு முடிஞ்சுதுன்னு அதுக்குப் புரிய ஒரு நாள் போதாது, வீட்டுல எல்லாரும் ஒரே மாதிரி செஞ்சா ரெண்டு மூணு வாரத்துல கடியோட அழுத்தம் குறையறது கண்ணுக்குத் தெரியும், நிக்க இன்னும் நாள் எடுக்கும்.

பிள்ளைங்க விஷயம் தனி. அதுங்க கடிச்ச உடனே கீச்சுன்னு கத்திட்டு ஓடும், குட்டிக்கு அதவிட சந்தோஷமான விளையாட்டு கிடையாது. பிள்ளைங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கிறது, கடிச்சா மரம் மாதிரி நில்லு மக்களே, கையைக் கட்டிக்க, மேல பாருன்னு. அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையையும் குட்டியையும் பெரியவங்க இல்லாம ஒரே அறையில விடவே கூடாது, குட்டி எவ்வளவு சாதுவா இருந்தாலும் சரி. இன்னொண்ணு, குட்டி ஒரு நாள்ல பதினாறு பதினெட்டு மணி நேரம் தூங்கணும். ஸ்கூல் விட்டு வந்த பிள்ளைங்க சாயங்காலம் அத எழுப்பி எழுப்பி விளையாடுவாங்க, ஏழு மணிக்கு மேல கண்ணு மண்ணு தெரியாம கடிக்கிற குட்டி முக்காவாசி தூக்கம் போதாத குட்டி. கடிக்க ஏதாவது குடுங்க, பழைய துண்ட முடிச்சுப் போட்டு நனைச்சு ப்ரீசர்ல வச்சு எடுத்தா ஈறுக்கு சுகமா இருக்கும். கதம்பை குடுக்காதீங்க, நம்ம பக்கம் நிறைய வீட்டுல தேங்கா உரிச்ச கதம்பையத் தூக்கிப் போடுவாங்க, நார் வயித்துல போய் அடைச்சு ஆபரேஷன் வரைக்கும் போகும். வேக வச்ச கோழி எலும்பும் அதே கதை, ஊசி ஊசியா உடையும்.

மூத்திரத்துக்கு வழி ஒண்ணுதான், அது போகப் போற நேரத்த நீங்க முந்திக்கணும். தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்டு கால் மணி நேரத்துல, விளையாடி முடிச்ச உடனே, இந்த மூணு நேரமும் தூக்கிட்டுப் போய் ஒரே இடத்துல விடணும், போனதும் அங்கயே, அந்த நொடியே ஒரு துண்டு சாப்பாடு. வீட்டுக்குள்ள வந்து குடுத்தா வீட்டுக்குள்ள வந்ததுக்குதான் கூலின்னு நினைக்கும். மூணு மாசக் குட்டியால பகல்ல மூணு நாலு மணி நேரத்துக்கு மேல அடக்க முடியாது, ராத்திரி ஒரு தடவையாவது நீங்க எழுந்துதான் ஆகணும். உங்க பிரச்சனை மழை. நம்ம மாவட்டத்துக்கு ஜூன்லயும் மழை, ஐப்பசி கார்த்திகையிலயும் மழை, ரெண்டு பருவமும் வாங்குற ஊர், அதனால மழை நிக்கட்டும்னு காத்திருந்தா குட்டி ஹால்தான் கக்கூஸ்னு முடிவு பண்ணிரும். கார் ஷெட்டோ, ஷீட் உணத்துற இடத்து ஓரமோ, தகரக் கூரைக்குக் கீழ நனையாத ஒரு மூலையில ஒரு சாக்கு விரிச்சு கொஞ்சம் மண்ணும் புல்லும் போடுங்க, ஹால்ல அது போன மூத்திரத்தத் துடைச்ச துணிய அங்க ஒரு தடவை தேய்ச்சு விடுங்க, மணம் பிடிச்சுப் போகும். தகரத்துல மழை விழுற சத்தத்துக்கு சில குட்டி பயப்படும், அப்பம் முதல்ல அங்க வச்சு சாப்பாடு குடுத்து சத்தத்தப் பழக்குங்க. ஹால்ல போன இடத்த வெறும் பினாயில் போட்டுத் துடைச்சா நம்ம மூக்குக்கு மணம் போயிரும், அது மூக்குக்குப் போகாது, பாதிக்குப் பாதி வினிகர் தண்ணி விட்டு நல்லா துடைங்க, என்சைம் போட்ட கிளீனர் கிடைச்சா இன்னும் நல்லது. மூக்க அதுல வச்சுத் தேய்க்கிற வழக்கம் இங்க நிறைய வீட்டுல உண்டு, தயவுசெஞ்சு செய்யாதீங்க. அதுலருந்து குட்டி படிக்கிறது ஒண்ணுதான், மனுஷன் கண்ணு முன்னால மூத்திரம் போனா ஆபத்து. பெறவு வெளிய கூட்டிட்டுப் போனாலும் உங்க முன்னால போகாது, உள்ள வந்து சோபாவுக்குப் பின்னால போயிரும்.

உக்காரச் சொல்லிக் குடுக்கறத இன்னைக்கே ஆரம்பிக்கலாம், சாப்பாட்டுக்கு முன்னால, வயிறு காலியா இருக்கும்போது. வேக வச்ச கோழிய நிலக்கடலை பாதி அளவுக்குப் பிச்சு வச்சுக்கிடுங்க, முள்ளெடுத்த மீனும் ஆகும், உப்பு போடாம காய வச்ச நெத்திலி கிடைச்சா அதுக்கு உயிரையே விடும். ஒரு துண்ட மூணு விரலுக்கு நடுவுல பிடிச்சு மூக்கு நுனிக்கிட்ட கொண்டு போங்க, மோந்து பாக்கட்டும், குடுத்துராதீங்க. அப்படியே கையைப் பைய மேல தூக்கி நெத்திக்கு மேல பின்னால கொண்டு போங்க, மூக்கு கையத் தொடர்ந்து மேல போகும், மூக்கு மேல போனா பின்பக்கம் தானா தரையில உக்காரும், உக்காந்த அந்த நொடி "சபாஷ்"னு சொல்லி குடுத்திருங்க. கையை ரொம்ப உயரமா தூக்குனா சாடும், ரொம்பப் பின்னால கொண்டு போனா பின்னுக்கு நடக்கும், அப்படி நடந்தா ஒரு சுவர் மூலையில வச்சு செய்யுங்க. முதுகப் பிடிச்சு அமுக்க வேண்டாம். நாலஞ்சு தடவை சரியா வந்த பெறவு கையில சாப்பாடு இல்லாம அதே மாதிரி கையைக் காட்டுங்க, உக்காந்தா அடுத்த கையிலருந்து குடுங்க. அதுக்கும் பெறவுதான் "உக்காரு"ன்னு வாயால சொல்லணும், முதல்ல சொல்லு, ஒரு நொடி விடு, அப்புறம் கை. நாய்க்கு வாய் வார்த்தையவிட கை அசைவுதான் சீக்கிரம் பிடிபடும், அதனாலதான் இந்த வரிசை. மூணு நிமிஷம் போதும், ஒரு நாளைக்கு நாலு தடவை. அது இன்னும் ஆசையா நிக்கும்போதே நிறுத்திருங்க. குடுக்கிற துண்டெல்லாம் அன்னைய சாப்பாட்டுக் கணக்குல கழிச்சிரணும், இல்லன்னா லேப் ரத்தம் இருக்கிற குட்டி சீக்கிரம் உருண்டுரும்.

உக்காரப் படிச்சாச்சுன்னா பாதி சேட்டைக்கு மருந்து கையில வந்தாச்சு. மேல சாடுற குட்டிக்கு, நாலு காலும் தரையில இருந்தாதான் தடவல், சாடுனா முதுகக் காட்டித் திரும்பி நிக்கணும், உக்காந்தா உடனே குனிஞ்சு கொஞ்சணும். வீட்டுல ஒருத்தர் "வா", இன்னொருத்தர் "கம்", பிள்ளைங்க வேற ஏதோன்னு கூப்பிட்டா அது குழம்பும், ஒரே சொல்ல முடிவு பண்ணி அடுக்களை சுவத்துல எழுதி ஒட்டுங்க. கூப்பிட்டு வந்த நாய ஒருநாளும் திட்டாதீங்க, குளிப்பாட்டவோ கட்டிப் போடவோ கூப்பிடாதீங்க, அதுக்கெல்லாம் நீங்க எழுந்து போய்த் தூக்கிட்டு வாங்க. கூப்பிட்டா போனா நல்லது நடக்கும்ங்கிற நம்பிக்கை ஒண்ணுதான் பின்னால ரோட்டுல லாரி வரும்போது அதைக் காப்பாத்தும். உங்க மாமனார எதிர்த்துப் பேசிட்டு இருக்க வேண்டாம், தினம் சாயங்காலச் சாப்பாட்ட அவரு கையால, உக்கார வச்சு குடுக்கச் சொல்லுங்க. அவரு சொன்ன உடனே உக்காந்து அவரு முகத்தையே பாக்கும், ஈர்க்கில் பேச்சு தானா நின்னுரும், நான் நிறைய வீட்டுல பாத்திருக்கேன்.

பால் வெட்டுறவர் விஷயத்துக்கு வாறேன். இந்த மழையிலயும் வெட்டு நடக்குதுன்னா வெட்டுற இடம் நனையாம மரத்துக்கு பிளாஸ்டிக் போட்டிருப்பீங்க, அவரு விடியறதுக்கு முன்னாலயே நெத்தியில லைட்டக் கட்டிட்டு, கையில கத்தியும் வாளியுமா வருவாரு. குட்டி கண்ணுக்குத் தெரியறது முகமே இல்லாத ஒரு வெளிச்சம், அது நின்னு நின்னு நகருது. பயத்துல குரைக்கும். இதுல முக்கியமான ஒரு விஷயத்தக் கவனிங்க, அவரு ஒரு மரம் வெட்டி முடிச்சதும் அடுத்த மரத்துக்குப் போறாரு, அது அவரு வேலை, ஆனா குட்டி கணக்குல தான் குரைச்சதாலதான் அந்த ஆளு போனாரு. தினம் விடியக்காலம் வரிசைக்கு வரிசை அதுக்கு ஜெயம். நீங்க உள்ளருந்து சத்தம் போட்டு அதட்டுனா நீங்களும் சேந்து குரைக்கிறதாத்தான் அது எடுத்துக்கும். அதனால ரெண்டு வேலை செய்யுங்க. சாயங்காலம் நீங்களே அந்த லைட்ட நெத்தியில கட்டிட்டு, முதல்ல அணைச்சு வச்சு, அப்புறம் எரிய விட்டு, அதோட பேசிட்டே சாப்பாடு குடுங்க. விடியக்காலம் அவரு தூரத்துல, குட்டி பாக்குது ஆனா இன்னும் குரைக்கலங்கிற தூரத்துல இருக்கும்போதே துண்டு துண்டா ஊட்டுங்க, வெளிச்சம் மறைஞ்சதும் நிறுத்திருங்க. வெளிச்சம் வந்தா கோழி, போனா இல்ல. கொஞ்ச நாள்ல வெளிச்சத்தப் பாத்ததும் உங்க பக்கம் திரும்பும், அந்தத் திரும்பல்தான் உங்களுக்கு வேண்டியது. அவரு பகல்ல பால் எடுத்துட்டு வரும்போது ரெண்டு துண்டு எறிஞ்சிட்டுப் போகச் சொல்லுங்க, குனிஞ்சு தொட வேண்டாம், அதுவா கிட்ட போகட்டும். நாய் காவலுக்கு வேணும், எல்லார்கிட்டயும் பழகிட்டா எப்படின்னு கேப்பீங்க. தெரிஞ்சவங்கள நிம்மதியா விடற நாய்க்குதான் தெரியாதவன் வந்தா வித்தியாசம் தெரியும். எல்லாருக்கும் ஒரே மாதிரி குரைக்கிற நாயோட சத்தத்துக்கு வீட்டுக்காரங்களே எழுந்து பாக்க மாட்டாங்க.

இப்பம் அடி. அடிச்சா நிக்குமான்னா நிக்கும், அந்த நேரத்துக்கு நிக்கும், அதனாலதான் இவ்வளவு பேரு நம்புதாங்க. என்ன நிக்குதுன்னு பாக்கணும். போர்ச்சுகல்ல போர்ட்டோங்கிற ஊர்ல 92 நாய்ங்கள எடுத்து, சாப்பாடு குடுத்துப் பழக்குற இடத்துல உள்ளதையும் சுண்டி இழுத்து அதட்டிப் பழக்குற இடத்துல உள்ளதையும் ஒப்பிட்டு 2020ல வெளியிட்டாங்க, ரெண்டாவது கூட்டத்துக்கு எச்சில்ல மன அழுத்த ஹார்மோன் பயிற்சிக்குப் பெறவு கூடியிருந்துது, பதட்டமும் அதிகம். நான் நேர்ல பாக்கிறதும் அதுதான், அடி வாங்கின குட்டி கையைத் தூக்குனாலே பம்மும், கொஞ்ச நாள்ல உறுமும், உறுமுனதுக்கும் அடிச்சா உறுமுறத விட்டுட்டு நேரா கடிக்கும். உறுமல் ஒரு எச்சரிக்கை, அத அடிச்சு நிறுத்துறது ஆபத்து. "தப்பு பண்ணுனது அதுக்கே தெரியுது, மூஞ்சியப் பாருங்க"ன்னு சொல்லுவாங்க. நியூயார்க்ல அலெக்சாண்ட்ரா ஹாரோவிட்ஸ்னு ஒரு அம்மா 2009ல இதைச் சோதிச்சுப் பாத்தாங்க, தப்பே பண்ணாத நாயும் வீட்டுக்காரர் திட்டுனா அதே குற்றவாளி மூஞ்சிய வைக்குது. அது உங்க கோவத்தப் பாத்து வாற பயம், பண்ணுன காரியத்தப் பத்தி இல்ல. அப்புறம் நாய்க்கு நாமதான் தலைவன்னு காட்டணும், மல்லாத்திப் போட்டு அமுக்கணும்னு யூடியூப்ல பாத்திருப்பீங்க. அதோட வேர் 1947ல ஷென்கல்னு ஒருத்தர் மிருகக்காட்சிசாலையில அடைச்சு வச்சிருந்த ஓநாய்ங்களப் பாத்து எழுதுனது. அந்தக் கருத்த உலகம் பூரா பரப்புன டேவிட் மீச் என்கிற ஓநாய் நிபுணரே பின்னால காட்டுல ஓநாய்ங்களப் பாத்துட்டு, அது சண்டை போட்டுத் தலைவனாகிற கூட்டம் இல்ல, அம்மா அப்பா பிள்ளைங்க உள்ள குடும்பம்னு 1999ல எழுதிட்டாரு. அடிக்காம இருக்கிறதுன்னா எதுவும் சொல்லாம விடறதுன்னு நினைச்சிராதீங்க. கண்டிப்பு வேணும், அது செருப்ப எட்டாத இடத்துல வைக்கறது, அடுக்களை வாசல்ல ஒரு பலகை குறுக்க வைக்கறது, கடிச்சா விளையாட்ட நிறுத்தறது, இதுல நாள் தவறாம நிக்கறது.

ராத்திரி அழுகைக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம், தனியா கிடக்கு, அதான் அழுது. ஒரு பெரிய அட்டைப் பெட்டியோ கூண்டோ உங்க கட்டில் பக்கத்துல வச்சுப் படுக்க வைங்க, கை தொங்கப் போட்டா எட்டுற தூரத்துல. கொஞ்ச நாள் கழிச்சு பைய பைய வராந்தா பக்கம் நகத்திக்கலாம். சங்கிலி அறவே கூடாதுன்னு நான் சொல்லல, விருந்தாளி வந்தா அரை மணி நேரம் கட்டலாம், கடிக்க ஏதாவது குடுத்துக் கட்டுங்க, பகல் முழுக்க கட்டுறதுதான் நாயக் கெடுக்கும்.

இதுவரை சொன்னது நான் உறுதியா சொல்றது. இனி கொஞ்சம் உறுதியில்லாதது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணுனா அடங்கிரும்னு பலரும் சொல்லுவாங்க, ஆண் நாய் ஊர் சுத்துறதும் கண்ட இடத்துல மூத்திரம் தெளிக்கிறதும் நிறைய நாய்க்குக் குறையுது, ஆனா பயத்துல கடிக்கிற நாய்க்கு அது மருந்து இல்ல, சிலதுக்குப் பயம் கூடுனதாவும் ஆய்வு இருக்கு, எந்த வயசுல பண்ணணும்ங்கிறதுலயும் டாக்டர்களுக்குள்ளயே ஒத்த கருத்து கிடையாது, உங்க டாக்டர் நாயப் பாத்துட்டு சொல்றதக் கேளுங்க. ஜாதிய வச்சு குணம் சொல்றதும் பாதிதான் நிக்கும். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டை நாய் முயலோ பூனையோ ஓடுறதப் பாத்தா கூப்பிட்டாலும் திரும்பாது, அதுக்கு ஓட்டம் ரத்தத்துல இருக்கு. வெள்ளை ராஜபாளையம் குட்டி சொன்ன பேச்சு கேக்கலன்னு கொண்டு வருவாங்க, அந்த ஜாதியில பிறவியிலயே காது கேக்காத குட்டிங்க உண்டு, முதல்ல பின்னால நின்னு கை தட்டிப் பாக்கணும். உங்க குட்டி கலப்பு, எது தூக்கலா வரும்னு மூணு மாசத்துல யாராலயும் சொல்ல முடியாது. ஒண்ணு மட்டும் எதிர்பாருங்க, ஏழு எட்டு மாசத்துல நல்லா உக்காந்துட்டு இருந்த நாய் திடீர்னு உங்க பேச்சு மட்டும் கேக்காது. இங்கிலாந்துல 2020ல வந்த ஒரு ஆய்வுல எட்டு மாச நாய்ங்க வெளியாள் சொன்னா உக்காருது, வளக்குறவங்க சொன்னா உக்கார மாட்டேங்குதுன்னு பதிவு பண்ணியிருக்காங்க, வளந்த பிறகு சரியாயிருது. அந்த நேரத்துலதான் பலரும் பொறுமை போய் சங்கிலிய எடுப்பாங்க, நீங்க முதல் பாடத்துலருந்து திரும்ப நடத்துங்க.

ரப்பர் விளை வீடுங்கிறதால இன்னும் ரெண்டு மூணு சொல்லணும். ஷீட்டுக்கு பால் உறைய ஊத்துற ஆசிட் கேனையும் டிஷ்ஷையும் குட்டிக்கு எட்டாம வைங்க, பால் வாசனைக்கு வாய வைக்கும். ரப்பர் கொட்டை, பச்ச மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) அதோட தோலும், இதுல எல்லாம் சயனைடு விஷம் உண்டாகுற சத்து இருக்கு, உருண்டு கிடந்தா கடிச்சு விளையாடும், பெருக்கித் தள்ளிருங்க. பாயசத்துல போடுற கிஸ்மிஸ், சாக்லேட், வெங்காயம் வேண்டாம். தேங்கி நிக்கிற தண்ணியில எலி மூத்திரம் கலந்து எலிக்காய்ச்சல் வரும், நம்ம மழைக்கு அது அதிகம், ஊசியில அதுவும் சேந்திருக்கான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. பார்வோ, டிஸ்டெம்பர்ங்கிற இன்னொரு வைரஸ் நோய், இந்த ரெண்டுக்குமான ஊசி ஆறு எட்டு வாரத்துல ஆரம்பிச்சு மூணு நாலு வாரத்துக்கு ஒண்ணா பதினாறு வாரம் வரை போகும், வெறிநாய்க்கடி ஊசி மூணு மாசத்துல, அதாவது உங்க குட்டிக்கு இப்பம். அது போட்டாச்சான்னு நீங்க எழுதல.

அதனால கடைசியா இது. விளையாட்டுக் கடியா இருந்தாலும் பிள்ளைங்க தோல்ல பல்லு கிழிச்சு ரத்தம் வந்தா, கீறலா இருந்தாலும் சரி, குட்டிதானேன்னு விடாதீங்க, குட்டிக்கும் வெறிநோய் இருக்கலாம். ஓடுற தண்ணியில சோப்பு போட்டு கால் மணி நேரம் முழுசா கழுவி, மஞ்சள் மிளகாப்பொடி எதுவும் வைக்காம, அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க, ஊசி இலவசம், சொல்ற நாளெல்லாம் தவறாம போட்டு முடிக்கணும். ஏற்கெனவே அப்படி ரத்தம் வந்திருந்து விட்டிருந்தீங்கன்னா இத வாசிச்ச உடனே கிளம்புங்க, நாள் ஆச்சேன்னு நினைக்க வேண்டாம். நான் எழுத்துல படிச்சத வச்சுதான் இவ்வளவும் சொல்லியிருக்கேன், குட்டிய நேர்ல பாக்கல. கடிக்கும்போது உடம்பு விறைச்சு, வால் அசையாம, கண்ணு நிலைச்சு நிக்குதுன்னா, சாப்பாட்டுத் தட்டுக்கிட்ட போனா உறுமுதுன்னா, இல்ல நல்லா இருந்த குட்டி திடீர்னு மாறிப்போச்சுன்னா அது நான் சொன்ன விளையாட்டுக் கடி இல்ல. காது சீழோ வேற வலியோ இருக்கலாம், முதல்ல கால்நடை டாக்டர்கிட்ட காட்டுங்க, இங்க முடியலன்னா திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு கொண்டு போலாம். அது கடிக்கிறதையும் வெட்டுக்காரரப் பாத்துக் குரைக்கிறதையும் ஒரு நிமிஷம் போன்ல வீடியோ எடுத்து வச்சுக்கிடுங்க, டாக்டர்கிட்ட போனாலும் பழக்குறவர்கிட்ட போனாலும் வாயால சொல்றதவிட அது உதவும்.